பியனாலே: ‘ஈராண்டு விழா’ அல்ல

லண்டனில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டு வடிவமைப்புக் கண்காட்சி லண்டன் டிசைன் பியனாலே. தமிழில் எழுதுகிறவர்கள் அதை ‘ஆண்டுக்கு இருமுறை நடக்கும் வடிவமைப்புத் திருவிழா’ என்கிறார்கள். கொஞ்சம் கவனமாக எழுதுகிறவர்கள் ‘ஈராண்டு விழா’ என்கிறார்கள். முதலாவது அப்பட்டமான பொருட்பிழை. இரண்டாவது பார்வைக்கு நல்ல தமிழ்தான். ஆனால் அதுவும் சொல்லவந்ததைச் சொல்லவில்லை.

லத்தீனில் ‘பி’ இரண்டு, ‘ஆன்னுஸ்’ ஆண்டு. இரண்டும் சேர்ந்த ‘பியென்னியும்’ இரண்டாண்டுக் காலம். அதன் வழிவந்த இத்தாலியச் சொல் பியென்னாலே, அதாவது இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவது. 1895-இல் வெனிஸ் நகரம் தொடங்கிய கலைக் கண்காட்சியால் இந்தச் சொல் உலகெங்கும் பரவியது. நம் வாயில் அது பியனாலே.

பிழை நுழைவது ஆங்கிலத்தின் வழியாக. பையென்னியல், பையானுவல் என்று காதுக்கு நெருக்கமான இரண்டு சொற்கள் அங்கே உண்டு. ‘என்னியல்’ என்று முடிந்தால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று பொருள். ‘ஆனுவல்’ என்று முடிந்தால் ஓராண்டுக்குள் எத்தனை முறை என்று பொருள். நம் அரையாண்டுத் தேர்வு போல. மொழிபெயர்ப்பவர் இந்த இரண்டு முடிவுகளை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

லண்டனைப் பொறுத்தவரை இந்தக் குழப்பத்துக்கு விலையும் உண்டு. அங்கே பியனாலே நடந்த ஆண்டுகள் 2016, 2018, 2021, 2023, 2025. 2020-இல் நடக்கவேண்டியது பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போனது. முதல் இரண்டும் செப்டம்பரில், பிறகு வந்தவை ஜூனில். ‘ஆண்டுக்கு இருமுறை’ என்பதை நம்பி ஜூனில் தவறவிட்டதைச் செப்டம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர் காண்பது வேறொன்றை: 2003 முதல் ஆண்டுதோறும் நகரமெங்கும் பரவி நடக்கும் லண்டன் டிசைன் ஃபெஸ்டிவல். திருவிழா என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். பியனாலே தேம்ஸ் கரையிலுள்ள சாமர்செட் ஹவுஸ் என்ற ஒரே வளாகத்தில் நடக்கும் கண்காட்சி.

இனி ‘ஈராண்டு விழா’. புணர்ச்சியில் குறையில்லை. உயிரெழுத்துக்கு முன் ‘இரு’ என்பது ‘ஈர்’ ஆகும்: ஈரடி, ஈராயிரம், ஈராண்டு. சிக்கல் அடுத்த சொல்லில். நூற்றாண்டு விழா என்றால் நூறு ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடுவது. அந்தப் பழக்கத்தில் ஈராண்டு விழாவைப் படிக்கிறவர், ஏதோ தொடங்கி இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, அதைக் கொண்டாடுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். விழாவை எடுத்துவிட்டு ‘ஈராண்டுக் கண்காட்சி’ என்று போட்டாலும் தீராது. ஐந்தாண்டுத் திட்டம் ஐந்து ஆண்டு ஓடுவது; ஈராண்டுப் படிப்பு இரண்டு ஆண்டு படிப்பது; பத்து நாள் கண்காட்சி பத்து நாள் திறந்திருப்பது. அப்படியானால் ஈராண்டுக் கண்காட்சி இரண்டு ஆண்டு திறந்திருக்குமா? ஜூன் மாதத்தில் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடுகிற ஒன்று அது.

வார இதழ், காலாண்டிதழ் என்பவை ஒரு வாரமோ மூன்று மாதமோ நீடிப்பவை அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதழ் என்பது வெளிவருவது. ஆகவே முன்னால் நிற்கும் காலம் இடைவெளியைக் குறிக்கிறது. திட்டமும் படிப்பும் நீடிப்பவை. அங்கே அதே காலம் நீளத்தைக் குறிக்கிறது. கண்காட்சி எத்தனை நாள் என்றுதான் முதலில் கேட்கிறோம். எனவே அது திட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இடைவெளியைத் தெளிவாகக் காட்டும் வடிவம் தமிழிலேயே இருக்கிறது: ‘-க்கொரு’. ஊருக்கொரு வழக்கம், வேளைக்கொரு பேச்சு என்பதுபோல ஈராண்டுக்கொரு கண்காட்சி. ஒவ்வொன்றும் வேறு என்ற குறிப்பும் இதில் சேர்ந்தே வருகிறது. பியனாலேயின் இயல்பும் அதுதான். 2016-இல், கற்பனையான இலட்சிய நாடொன்றைப் பற்றிய தாமஸ் மோரின் ‘உட்டோப்பியா’ நூல் வெளிவந்து 500 ஆண்டு ஆனதையொட்டி, நாடுகள் தத்தம் கனவுலகைக் காட்டின. 2021-இல் மேடை வடிவமைப்பாளர் எஸ் டெவ்லின் கலை இயக்குநராகப் பொறுப்பேற்று, சாமர்செட் ஹவுஸ் முற்றத்தில் 400 மரங்களால் ஒரு காட்டை நிறுத்தி, அதன் நடுவே ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை வைத்தார். 2023-இல் நெதர்லாந்தின் வடிவமைப்பு அருங்காட்சியகமான நியூவே இன்ஸ்டிடியூட் நாடுகளின் கூட்டுழைப்பைப் பொருளாக்கியது.

எண்ணை மறைத்து ‘பன்னாட்டு வடிவமைப்புக் கண்காட்சி’ என்று பொதுவாக எழுதித் தப்பிப்பதும் சரியல்ல. இத்தாலியில் மோன்ட்சாவில் 1923-இல் பியனாலேயாகத் தொடங்கிய அலங்காரக் கலைக் கண்காட்சி, 1930-இல் மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றானதும் பெயரையே திரியென்னாலே என்று மாற்றிக்கொண்டு, 1933-இல் மிலானுக்குப் போனது. எண்தான் அங்கே பெயர். தமிழில் அது மூவாண்டுக்கொரு கண்காட்சி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஜெர்மனியின் காசல் நகரில் நடக்கும் டாக்குமென்டா கலைக் கண்காட்சியைப் பியனாலே என்று எழுதுவது இதனால்தான் தவறு.

நிகழ்ச்சியின் பெயராக வரும்போது பியனாலே அப்படியே இருக்கட்டும். ஆங்கிலமும் ஜெர்மனும் அப்படித்தான் வைத்திருக்கின்றன. முதல் முறை வரும்போது ‘ஈராண்டுக்கொரு கண்காட்சி’ என்று விளக்கிவிட்டால் போதும். ஆனால் நம்மிடம் பெயர் இருக்கிற இடத்திலும் அயல் ஒலியைப் பிடித்துக்கொள்வதற்கு எந்தச் சாக்கும் இல்லை. கொச்சி பியனாலேயின் பெயரில் ‘முசிரிஸ்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். அது சேரநாட்டின் பழைய துறைமுகம். சங்கப் பாடல்களில் அதன் பெயர் முசிறி. கிரேக்கரும் ரோமரும் தங்கள் வாய்க்கேற்பத் திரித்ததை நாம் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பியனாலேயில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒதுக்கப்படும் காட்சியிடம் பெவிலியன். அதைக் ‘கூடாரம்’ என்று எழுதுவதும் நிற்கவேண்டும். வெனிஸ் ஜியார்தீனி பூங்காவில் நாடுகளுக்கு இருப்பவை நிலையான கட்டடங்கள். சாமர்செட் ஹவுஸில் பல நாடுகளுக்குக் கிடைப்பது பழைய மாளிகையின் அறைகள். இரண்டிலும் துணியும் இல்லை, கயிறும் இல்லை. ‘நாட்டரங்கு’ என்று எழுதலாம்.