குறுக்க வந்தது மான் இல்லீங்க

நேத்து ராத்திரி எட்டே முக்காலுக்கு போன், முதுமலை காட்டுல தெப்பக்காடு தாண்டி ரோட்டோரம் ஒரு புள்ளிமான் அடிபட்டு கெடக்கு டாக்டர்னு. போய்ப் பாத்தா பெட்டை மான், முதுகெலும்பு போயிடுச்சு, பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டு எந்திரிக்கப் பாக்குது. இந்த மாசத்துல இது நாலாவது. கார்க்காரர் பம்பரைத் தடவிக்கிட்டே சொல்றாரு, "திடீர்னு குறுக்க வந்து விழுந்துடுச்சு சார்". இத்தனை வருஷமா கால்நடை டாக்டரா இருக்கேன், நான் வேகமா வந்தேன்னு ஒருத்தர்கூட சொன்னதில்ல.

இந்த "திடீர்னு" கதையைத்தான் என்னால தாங்க முடியல, அதனால கணக்கா சொல்லிடறேன். 80-ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போகும். மானைப் பாத்து மூளைக்கு உறைச்சு கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு ஒன்னரை செகண்ட் ஆயிடும், அதுக்குள்ள 33 மீட்டர் காலி, அப்புறம் வண்டி நிக்க இன்னொரு 35 மீட்டர். ஆக மொத்தம் 68. உங்க டிம் லைட் எவ்வளவு தூரம் காட்டும்? நாப்பது அம்பது மீட்டர். அப்ப மான் ரோட்டு நடுவுல அசையாம நின்னாக்கூட நீங்க இடிப்பீங்க. இதுல மான் எங்கங்க திடீர்னு வந்துச்சு? அதுவே 40-ல போனீங்கன்னா 25, 30 மீட்டர்ல நிறுத்திடலாம்.

அடுத்து "ஹாரன் அடிச்சேன் சார், ஓடல". ஓடாதுங்க. இருட்டுல பாக்கறதுக்குன்னே அமைஞ்ச கண்ணு அது, கண் பாப்பா நல்லா விரிஞ்சிருக்கும், அதுல போய் ஹை பீம் அடிச்சா அதுக்கு ஒன்னுமே தெரியாது, அப்படியே உறைஞ்சு நிக்கும். ஹாரன் சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு புரியாம உங்க வண்டி மேலயே பாய்ஞ்சாலும் பாயும். லைட்டை டிம் பண்ணுங்க, வேகத்தைக் குறைங்க, நில்லுங்க. அவ்வளவுதான்.

ஒன்னு தாண்டிடுச்சுன்னு ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீங்க. புள்ளிமான் கூட்டமாத்தான் இருக்கும், முன்னாடி ஒன்னு போனா பின்னாடி பத்து வரும், குட்டிங்க கடைசியா வரும். என் டேபிளுக்கு வர்றதுல நெறைய அந்தக் கடைசி குட்டிங்கதான்.

கடமான்னா கதையே வேற. ஆண் கடமான் 200 கிலோவுக்கு மேல போகும், காலும் உசரம், பம்பர் காலைத் தட்டினதும் உடம்பு நேரா கண்ணாடியை உடைச்சுக்கிட்டு உள்ள வரும். பைக்ல போறவங்களுக்கு புள்ளிமானே போதும், ஆள் போயிடுவாங்க. அதுக்காக ஸ்டியரிங்கை ஒடிச்சு மரத்துலயோ எதிர்ல வர்ற பஸ்லயோ போய் மோதாதீங்க, ரோட்டுல நேரா வெச்சே பிரேக் போடுங்க.

அப்புறம் அடிபட்ட மானுக்கு தண்ணி ஊத்தற புண்ணியவான்களே, கையெடுத்துக் கும்பிடறேன், வேண்டாம். படுத்துக் கெடக்கற மான் வாயில ஊத்தற தண்ணி நுரையீரலுக்குத்தான் போகும். சுத்தி நின்னு அமுக்கிப் பிடிச்சு போட்டோ எடுக்கறதும் அப்படித்தான், பயத்துலயும் திமிறல்லயும் தசையே சிதைஞ்சு, காயம் சின்னதா இருந்தாலும் ரெண்டு நாள் கழிச்சு செத்துப் போகும், இதுக்கு மருந்து குடுத்துக் காப்பாத்தினது ரொம்பக் கம்மி. வண்டியை ஓரங்கட்டி இண்டிகேட்டர் போடுங்க, கூட்டத்தைத் தள்ளி நிக்க சொல்லுங்க, பக்கத்து செக்போஸ்ட்ல சொல்லுங்க. சிக்னல் இல்லைன்னா நேர்ல போய் சொல்லுங்க. டிக்கில தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டு வரேன்னு கிளம்பாதீங்க, 1972 வனஉயிர் சட்டத்துல நீங்க மாட்டுவீங்க. கறிக்காகத் தூக்கறவங்களுக்கு நான் சொல்ல ஒன்னுமில்ல, வனத்துறை சொல்லும்.

சிப்ஸ் போடறவங்களையும் விட மாட்டேன். ரோட்டோரம் தீனி கெடைக்கும்னு மானுக்குப் பழக்கிவிட்டதே நீங்கதான். போஸ்ட்மார்ட்டத்துல வயித்தைத் திறந்தா பிளாஸ்டிக் கவர் கவரா வருது.

கடைசியா அந்த ஒன்பது மணி ரேஸ். பந்திப்பூர் காட்டுக்குள்ள 2009-ல இருந்து ராத்திரி 9 மணிக்கு மேல காலைல 6 வரைக்கும் வண்டி விடறதில்ல, சத்தியமங்கலம் காட்டுல இருக்கற திம்பத்துலயும் 2022-ல இருந்து ஹைகோர்ட் உத்தரவால ராத்திரித் தடை. மானுக்காகப் போட்ட கேட்டு, அது மூடறதுக்குள்ள தாண்டிடணும்னு எட்டரைக்கு பறக்கறாங்க. நேத்து அந்தக் காரும் அப்படி வந்ததுதான். எட்டு மணி ஆயிடுச்சுன்னா கூடலூர்லயே ஒரு ரூம் போட்டுத் தூங்குங்க சாமி, காலைல ஆறு மணிக்கு கேட்டைத் திறந்துடுவாங்க, அப்பவும் 30-லயே போங்க, அது மான் மேயற நேரம்.