சிவப்புத் தொப்பி கறுத்த கதை

“பழைய இஸ்தான்புல் படங்களில் எல்லோர் தலையிலும் கறுப்புத் தொப்பி இருக்கிறதே, துருக்கித் தொப்பி சிவப்பு இல்லையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சிவப்பேதான். கறுப்பாக்கியது, அக்காலக் கேமராவில் ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தகடு.

அப்படங்களில் பல, ஆர்மீனியர்களான அப்துல்லா சகோதரர்களின் ஸ்டுடியோவில் எடுத்தவை. விச்சென், ஹோவ்செப், கெவோர்க் மூவரும் 1858இல் தொழிலைத் தொடங்கி, 1863இல் சுல்தான் அப்துல் அஜீஸின் அரண்மனைப் புகைப்படக்காரர்கள் ஆனார்கள். கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கியெடுத்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டும். ஆளை அசையாமல் உட்கார வைப்பது தனிப்பாடு.

இனி எனக்குப் பிடித்த இடம். தகட்டில் ஒளியைப் பதிவுசெய்வது வெள்ளி அயோடைடு என்ற வெள்ளி உப்பு. அதில் ஓர் எலக்ட்ரானைக் கிளப்ப ஏறத்தாழ 2.8 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். ஊதா ஒளித்துகளிடம் அது இருக்கிறது; சிவப்பு ஒளித்துகளிடம் 2கூட இல்லை. சேர்த்து வைத்துக் கொடுக்கவும் வழியில்லை. உச்சிக் கிளை மாங்காய்க்குக் குழந்தை நூறு கல் எறிந்தாலும் ஒன்றும் எட்டாது. பெரியவர் எறியும் ஒரு கல் போதும். கிளம்பிய எலக்ட்ரான்கள் வெள்ளி அயனிகளோடு சேர்ந்து நுண்ணிய வெள்ளித் துணுக்குகளாகின்றன. கழுவும்போது அவற்றைச் சுற்றியே வெள்ளி படிகிறது. தொப்பி விழுந்த இடத்தில் துணுக்கே இல்லை, அங்கே கண்ணாடி தெளிவாக நின்றுவிடும். அச்சிடும்போது அதன் வழியாக ஒளி புகுந்து தாளைக் கறுக்கவைக்கும்.

இதே குறைதான் இருட்டறையில் மஞ்சள் விளக்கு வைத்துக்கொள்ள உதவியது. நீல வானமோ வெள்ளைத் தாளாக வெளுத்துப்போகும். வெயிலில் சிவந்த கன்னம் கரிபூசியதுபோல் வரும். 1867இல் மார்க் ட்வைன் அப்துல்லா சகோதரர்களிடம் படம் எடுத்துக்கொண்டார், நாவலாசிரியர் ஆவதற்கு முன்பு. அவருடைய செம்பட்டை முடி அதில் கறுகறுவென்று இருக்கிறது! பழைய படங்களுக்கு வண்ணம் பூசும் செயலிகளை நான் நம்பாததற்கு இது ஒன்றே போதும்.

1873இல் பெர்லினில் புகைப்பட வேதியியலாளர் ஹெர்மான் ஃபோகல், சில தகடுகள் பச்சையையும் பதிவதைக் கண்டு குழம்பினார். துருவிப் பார்த்தால், கலந்திருந்த சாயம் பச்சை ஒளியை வாங்கி வெள்ளி உப்புக்குக் கைமாற்றியிருந்தது. இன்று இப்படியொரு சில்லறைச் சந்தேகத்தைத் துரத்த நிதி கேட்டால், பயன் என்னவென்று முதலில் எழுதித் தரச் சொல்வார்கள்.

சிவப்பையும் காணும் தகடுகள் கடைக்கு வர 1906 ஆகிவிட்டது. சகோதரர்கள் அதற்குள் ஸ்டுடியோவை விற்றுவிட்டார்கள்.