ரூபினின் கேலக்ஸி: குறைய மறுத்த வேகம்

பெர்சியஸ் விண்மீன் குழு இருக்கும் திசையில், சுமார் 23 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது யூஜிசி 2885 என்ற சுருள் கேலக்ஸி. நம் பால்வெளியைவிட இரண்டரை மடங்கு அகலம். விண்மீன்களோ ஏறக்குறைய பத்து மடங்கு. நம் சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்றிவரவும் கிட்டத்தட்ட 23 கோடி ஆண்டுதான் ஆகிறது. இன்று நமக்கு வந்து சேரும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது, சூரியன் போன சுற்றில் ஏறக்குறைய இதே இடத்தில் இருந்திருக்கும்.

சரி, இவ்வளவு தொலைவில் இருப்பது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று எப்படித் தெரியும்? ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சூடான ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் ஒரு சிவப்புக் கோடு காட்டும். இந்த கேலக்ஸி நொடிக்கு ஏறக்குறைய 5,800 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போவதால், அந்தக் கோடு 669 நானோமீட்டர் அருகே தள்ளி விழுகிறது. சுழற்சி தெரிவது அதிலும் நுணுக்கமான ஒரு வித்தியாசத்தில். சாய்ந்து கிடக்கும் இந்தத் தட்டின் ஒரு பாதி சுழலும்போது நம் பக்கம் வருகிறது, மறுபாதி அப்பால் போகிறது. அதனால் ஒரு பக்கத்துக் கோடு நீலத்தை நோக்கியும் மறுபக்கத்துக் கோடு சிவப்பை நோக்கியும் நகர்கிறது. நகர்வு அரை நானோமீட்டர் அளவுதான்!

வானியலாளர்கள் வேரா ரூபின், கென்ட் ஃபோர்டு, நார்பர்ட் தொனார்டு மூவரும் இப்படி 21 சுருள் கேலக்ஸிகளை அளந்து 1980ல் வெளியிட்டார்கள். அவற்றில் மிகப் பெரியது இதுதான். இதற்கு ரூபினின் கேலக்ஸி என்ற செல்லப்பெயர் வந்தது அதனால்தான்.

சூரியக் குடும்பத்தில் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுகிறது, தொலைவில் உள்ள நெப்டியூன் ஐந்தரைகூட இல்லை. நிறை நடுவில் குவிந்திருந்தால் ஓரம் மெதுவாகத்தான் போக வேண்டும். கேலக்ஸியிலும் வெளிச்சம் நடுவில்தான் அதிகம். ஆனால் வெளியே போகப் போக வேகம் குறையவில்லை. ஓரம் வரைக்கும் நொடிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர்! அவ்வளவு வேகத்தில் ஓடும் வாயு சிதறிப் போகாமல் இருக்க, கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு போதாது. மிச்ச ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? ஒளி விடாத ஏதோ ஒன்று வெளிப்புறத்தில் ஏராளமாகப் பரவியிருக்க வேண்டும். அதைத்தான் கரும்பொருள் என்கிறோம். அது எதனால் ஆனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஹபிள் தொலைநோக்கி எடுத்து 2020ல் வெளியான இதன் படம் அழகுதான். எனக்கென்னவோ வேகத்தை வரைபடமாக வரைந்தால் இறங்காமல் தட்டையாக நீளும் அந்தக் கோடுதான் கூடுதல் ஆச்சரியம்.

300 கிலோமீட்டர் என்றால் ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படி ஓடியும், இந்தப் பரந்த தட்டின் ஓரம் ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 150 கோடி ஆண்டு பிடிக்கும். பிரபஞ்சம் பிறந்து 1,380 கோடி ஆண்டுகள் ஆகியும், அது இன்னும் பத்துச் சுற்றைத் தாண்டவில்லை.