ஷெட்டுக்கு அனுப்பும் முன் ஐடிஐயைப் பாருங்கள்

போன மாதம் பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு என் கார் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தார். "பத்தாவது பாஸ் பண்ணிட்டான் அண்ணா. படிச்சது போதும், தொழில் கத்துக்கொடுங்க" என்றார். எனக்கும் ஆள் தேவைதான். ஆனாலும் ஓசூர் ரோட்டில் இருக்கும் அரசு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், விண்ணப்பம் போடச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நானே மேஸ்திரி பின்னால் ஸ்பேனர் தூக்கி வளர்ந்தவன். இன்ஜின் வால்வை இயக்கும் டேப்பட்டின் சத்தத்தைக் காதாலேயே பிடிப்போம். பழைய கார்பரேட்டர் வண்டிகளுக்கு அது போதுமாக இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து வரும் புது வண்டிகளோ பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி, சென்சாரும் கம்ப்யூட்டரும் வைத்து வருபவை. அவற்றில் காதை மட்டும் நம்பினால் வாடிக்கையாளரின் பணம்தான் போகும்.

என் ஷெட்டிலேயே அது நடந்தது. ஒரு பெட்ரோல் காரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் போட்டால், காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பழுதுக் குறியீடு வந்தது. ஆறு வருடம் கை பழகிய பையன், ஜே.சி. ரோட்டிலிருந்து புது ஆக்சிஜன் சென்சார் வாங்கி வந்து மாட்டினான். இரண்டே நாளில் விளக்கு திரும்ப எரிந்தது. அப்போது ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாக (வேலை பழகுபவனாக) வந்திருந்த இன்னொரு பையன், அந்தக் குறியீட்டோடு நிற்காமல், கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் கொடுக்கிறது என்ற கணக்கைப் பார்த்தான். வண்டி நின்றபடி சும்மா ஓடும்போது அதிகம், ரேஸ் கொடுத்தால் குறைகிறது. அப்படியென்றால் எங்கோ வெளிக்காற்று உள்ளே இழுக்கிறது. தேடியதில் இன்ஜினோடு சேரும் ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் (ரப்பர் குழாய்) வெடித்திருந்தது. ஹோஸை மாற்றியதும் சரியாகிவிட்டது. சென்சார் காசை வாடிக்கையாளருக்கு நான் திருப்பிக் கொடுத்தேன்.

முதல் பையனைக் குறை சொல்லமாட்டேன். அவன் கை என் கையைவிட வேகம். சென்சார் எதை அளக்கிறது என்பதை யாரும் அவனுக்கு உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிப்பு இரண்டு வருடம், மெக்கானிக் டீசல் ஒரு வருடம். பத்தாவது பாஸ் போதும். அரசு ஐடிஐகளில் கட்டணமும் மிகக் குறைவு. இரண்டு வருடப் படிப்பை முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேர வழி இருக்கிறது. அப்ரண்டிஸ் காலத்தில் உதவித்தொகை தரவேண்டும் என்று 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டமே சொல்கிறது.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற வயர் போனால், அதில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். நம் பழைய 12 வோல்ட் பேட்டரிபோல வெறுங்கையால் தொடக்கூடாது. சப்ளையை எப்படித் துண்டிப்பது, எத்தனை நிமிடம் காத்திருப்பது, எந்தக் கையுறை போடுவது, இதையெல்லாம் ஷெட்டில் பார்த்துப் பழகுவது மிக ஆபத்து. இங்கே ஒரு தடவை தப்புச் செய்தாலே உயிர் போகலாம்.

சரி, எந்த ஐடிஐ? சேர்க்கும் முன் பையனோடு நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்து அறுத்து வைத்த இன்ஜின் மட்டும் இருந்தால் யோசியுங்கள். ஸ்டார்ட் ஆகும் இன்ஜின் இருக்கிறதா? அதை மாணவர்களே பிரித்து மாட்டுகிறார்களா? மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச் போன்ற கருவிகள் எல்லாம் கிரீஸ் பட்டுக் கிடக்கின்றனவா, கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா? அங்கே படிக்கும் பையன்களின் கையையும் ஒரு தடவை பாருங்கள்.