கூழ் அண்டாவும் வாட்ஸப் வதந்தியும்: ஒரு பெயர் பொதுவெளியில் கெடுவதும் நிற்பதும் எப்படி

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு மாரியம்மன் கோயில் என்று வைத்துக்கொள்வோம். 'போரிட்ஜ் ப்ரேயர்' முடிந்து (கூழ் ஊற்றும் பூசைக்கு டர்பனில் எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான்) பகல் ஒன்றரை மணி வரை கூழும் பிரசாதமும் கொடுத்திருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு வாட்ஸப் குழுவில் ஒரு வரி வருகிறது: "கோயில் கூழ் குடித்த மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி." ஆறு மணிக்குள் மூன்று பிள்ளைகள் முப்பது பிள்ளைகளாகிவிடுகிறார்கள். ஏழு மணிக்கு ஒரு நிருபர் கோயில் கமிட்டித் தலைவரைப் போனில் கூப்பிடுகிறார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் கமிட்டி என்ன செய்தது, என்ன சொன்னது என்பதில்தான் கோயிலின் பெயர் நிற்கிறது. தவறு செய்தவர்களை ஜனங்கள் பலமுறை மன்னித்திருக்கிறார்கள். முதல் நாள் அடித்துச் சொன்னதை மூன்றாம் நாள் மாற்றிச் சொன்னவர்களை மன்னிப்பது அபூர்வம். இதற்குக் காரணம் மனிதர்களின் மனம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

வதந்திக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1947-இல் எழுதியது: வதந்தியின் வீரியம் என்பது விஷயத்தின் முக்கியத்துவத்தையும் விவரத்தின் தெளிவின்மையையும் பெருக்கினால் வருவது. கூட்டினால் வருவது என்று அவர்கள் சொல்லவில்லை. பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். பிள்ளைகளின் உடம்பு என்று வந்துவிட்டால் முக்கியத்துவத்தை யாராலும் குறைக்க முடியாது. "இதைப் பெரிசுபடுத்தாதீர்கள்" என்று ஒரு தாயிடம் சொன்னால் அவள் இன்னும் கலங்குவாள். கமிட்டியின் கைக்கு எட்டுவது இரண்டாவது எண் மட்டும். தெரிந்ததைச் சொல்லச் சொல்லத் தெளிவின்மை குறையும். மௌனமாக இருக்க இருக்கக் கூடும்.

இடர் பற்றி மக்களிடம் பேசுவதை ஆராய்ந்த பீட்டர் சாண்ட்மன் வேறொரு சமன்பாடு வைத்தார்: ஆபத்து என்று மக்கள் உணர்வது கேடும் சீற்றமும் சேர்ந்தது. கேட்டை டாக்டரும் ஆய்வுக்கூடமும் அளப்பார்கள். சீற்றம் வேறு இடத்திலிருந்து வருகிறது: என்னிடம் மறைத்தார்களா, என்னை மதித்தார்களா, என் பிள்ளையைப் பற்றி முதலில் கேட்டார்களா. மூன்று பிள்ளைகளின் வாந்தி மறுநாள் காலையில் சரியாகிவிடலாம். "ஒரு போன்கூடச் செய்யவில்லை" என்பது பத்து வருஷம் நிற்கும்.

வேகமும் கமிட்டிக்கு எதிராகவே இருக்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசி 2018-இல் வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைப் போய்ச் சேர மெய்க்குச் சுமார் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. வாட்ஸப் 2019-இல் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டு, பல கை மாறி வந்த செய்திக்கு அதை ஒன்றாக்கியது. ஆனாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குழு, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குழு என்று இருக்கும் ஊரில் ஐந்து என்பதும் ஏராளம்.

சரி, மணி ஐந்து பத்து. முதலில் ஒரு ஆள், ஒரு நோட்டுப் புத்தகம். பேசுகிறவர் ஒருவராகவே இருக்க வேண்டும்; கமிட்டியில் மற்ற எல்லோரும் "செயலாளரிடம் கேளுங்கள்" என்ற ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஐந்து பேர் ஐந்து குழுவில் ஐந்து விதமாக எழுதினால், நாளைக்கு நிருபர் கையில் ஐந்து ஸ்கிரீன்ஷாட் இருக்கும். அடுத்தது, அந்த மூன்று குடும்பங்களுக்குப் போன். கேட்க வேண்டியவை: பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்குக் கூழ் குடித்தது, எத்தனை மணிக்கு வாந்தி எடுத்தது, அன்று வேறு என்ன சாப்பிட்டது.

மணிக்கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், கிருமிகளுக்குத் தனித்தனிக் கடிகாரம் உண்டு. வெதுவெதுப்பில் கிடந்த சாதத்திலும் மாவுப் பண்டத்திலும் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வாந்தி நஞ்சும், கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸின் நஞ்சும், பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். சால்மொனெல்லாவுக்கு ஆறு மணி நேரம் முதல் சில நாள் வரை ஆகலாம். பன்னிரண்டு மணிக்குக் குடித்த கூழ் பன்னிரண்டே காலுக்கு வாந்தி எடுக்க வைத்தது என்றால் அந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மூன்று மணிக்கு என்றால் பொருந்தும். "மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்துத்தானே கொடுத்தோம்" என்று சமையல் பொறுப்பாளர் சொன்னால் அதைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டு நஞ்சுகளும் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அண்டாவைக் கழுவக் கூடாது. மீதிக் கூழில் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் எடுத்து, மூடி, நேரம் எழுதி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உணவால் பலர் நோயுறுவது தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நிகழ்வு. டர்பனின் எதெக்வினி நகராட்சியின் சுகாதார அலுவலர் விசாரிக்க வருவார். அவர் வருவதற்குள் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தால், சுத்தத்துக்காகச் செய்தது தடயத்தை அழித்ததாகவே பேசப்படும்.

இவ்வளவையும் நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுத வேண்டிய முதல் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

"ஞாயிறு, மாலை 5.50. இன்று கோயிலில் கூழ் குடித்த பிறகு சில பிள்ளைகளுக்கு வாந்தி என்று தகவல் வந்திருக்கிறது. மூன்று குடும்பங்களோடு பேசியிருக்கிறோம். பிள்ளைகளை நினைத்துக் கவலையாக இருக்கிறோம். காரணம் கூழா, வேறு எதுவுமா என்று இன்னும் தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போன கூழோ பிரசாதமோ மீதி இருந்தால் யாரும் சாப்பிட வேண்டாம். கொட்டிவிடாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். உடம்புக்கு முடியாதவர்கள் உடனே கிளினிக்குப் போங்கள், செயலாளருக்கும் சொல்லுங்கள். நகராட்சிச் சுகாதார அலுவலருக்குத் தெரிவித்துவிட்டோம். அடுத்த தகவல் இன்றிரவு 8 மணிக்கு."

நாளும் நேரமும் முதலில் நிற்பது ஃபார்வேர்டுக்காக. செய்தி கை மாறும்போது அது எப்போது எழுதப்பட்டது என்பது தொலைந்துபோகும், புதன்கிழமை யாரோ படித்துவிட்டு "இன்றைக்குமா?" என்று கேட்பார்கள். "இன்னும் தெரியவில்லை" என்ற சொல்தான் இதில் உயிர்நாடி. அதை எழுதக் கமிட்டிகள் பயப்படுகின்றன. கையாலாகாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்று. உண்மையில் அந்தச் சொல் இருப்பதால்தான் நாளைக்கு எந்த முடிவு வந்தாலும் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டியிருக்காது. அடுத்த தகவலுக்கு மணி குறித்தால் அந்த மணிக்கு எழுதியே ஆக வேண்டும், புதிதாக எதுவும் இல்லையென்றாலும். டர்பனில் ஆங்கிலத்தில் எழுதினால்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். பக்கத்து வீட்டு ஜூலு மக்களும் கூழ் வாங்கிக் குடித்திருப்பார்கள், அவர்கள் மொழியிலும் வேண்டும். தமிழ் கேட்டால் மனம் ஆறும் பாட்டிகளுக்கு ஒரு வாய்ஸ் நோட் போதும்.

எழுதக் கூடாதது ஒன்றே ஒன்று: "எங்கள் கூழில் எந்தக் குறையும் இல்லை." தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்வதன் விலையை இதே டர்பன் பார்த்திருக்கிறது. 2000 ஏப்ரல் 7 அன்று தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணித் தலைவர் ஹான்சி குரோனியே மீது டெல்லி போலீஸ் சூதாட்டக் குற்றச்சாட்டை வெளியிட்டது. கிரிக்கெட் வாரியம் விசாரிக்கும் முன்பே அவர் நேர்மைக்கு உத்தரவாதம் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து டர்பனில் நிருபர்கள் முன் உட்கார்ந்து குரோனியே எல்லாவற்றையும் மறுத்தார். ஏப்ரல் 11 விடியற்காலை மூன்று மணிக்கு வாரியத்தின் நிர்வாக இயக்குநர் அலி பாக்கருக்குப் போன் செய்து, தான் முழு உண்மை சொல்லவில்லை என்றார். அன்றே தலைமைப் பதவி போனது; அக்டோபரில் ஆயுள் தடை. சூதாட்டப் பணம் வாங்கியவர் ஒருவர். அவருக்கு உத்தரவாதம் கொடுத்ததால் வாரியத்தின் சொல்லும் அந்த நாலு நாளில் மதிப்பிழந்தது.

அடுத்த பாடம் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சிப் பண்டம். 2017, 2018-இல் நாட்டை உலுக்கிய லிஸ்டீரியா நோய் 1,060 பேரைப் பிடித்து 216 உயிர்களைக் கொண்டுபோனது. பிடிபட்டவர்களில் பத்தில் நாலு பேர் பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுக்கள். 2018 மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சொலெடி, பொலோக்வானேயில் டைகர் பிராண்ட்ஸ் நிறுவனத்தின் எண்டர்பிரைஸ் தொழிற்சாலையே மூலம் என்று அறிவித்தார். மறுநாள் நிறுவனத் தலைவர் நிருபர்களிடம், தங்கள் பொருளுக்கும் சாவுகளுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்ற கருத்தில் பேசினார். லிஸ்டீரியா உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட 70 நாள் வரை ஆகலாம் என்பதால் ஒரு தட்டையும் ஒரு சாவையும் கோடு போட்டு இணைப்பது கடினம்தான். ஆனால் ஆய்வுக்கூடங்கள் கிருமியின் மரபணுவையே முழுக்கப் படித்து, நோயாளிகளிடம் இருந்த எஸ்.டி.6 என்ற அதே வகையைத் தொழிற்சாலையிலும் கண்டிருந்தன. அடுத்த மாதமே நிறுவனம் தன் சொந்தச் சோதனையிலும் அந்த வகை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. வக்கீல் பார்வையில் மார்ச் மாத வாக்கியம் எச்சரிக்கையானது. குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யாராவது ஒருவர் அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். "தொடர்பு இல்லை" என்பதற்கும் "வருந்துகிறோம், பொருளைத் திருப்பி எடுக்கிறோம், விசாரணைக்கு எல்லாவற்றையும் கொடுக்கிறோம்" என்பதற்கும் நடுவே பெரிய இடம் இருக்கிறது. துக்கத்தைப் பகிர்வதும் சட்டப்பொறுப்பை ஏற்பதும் வேறு வேறு.

வதந்தி பொய்யாகவே இருந்தால்? அதை மறுப்பதும் நினைப்பதைவிட நுணுக்கமான வேலை. 1994-இல் ஹாலின் ஜான்சன், காலின் சைஃபர்ட் இருவரும் நடத்திய சோதனையில், ஒரு கிடங்கு எரிந்த கதையை ஆட்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அலமாரியில் பெயிண்டும் கேஸ் சிலிண்டரும் இருந்தன என்று முதலில் வரும். பிறகு, அது தவறு, அலமாரி காலி என்று திருத்தம் வரும். திருத்தத்தைப் படித்து, நினைவிலும் வைத்திருந்தவர்கள், புகை ஏன் அவ்வளவு கருப்பு என்று கேட்டபோது பெயிண்டைத்தான் காரணம் காட்டினார்கள். கதையின் நடுவில் ஓட்டை விழுவதை மனம் பொறுக்காது. அந்த இடத்தில் வேறு காரணத்தை வைத்தபோதுதான், யாரோ தீ வைத்ததற்குத் தடயம் கிடைத்தது என்று சொன்னபோதுதான், பெயிண்ட் மங்கியது.

ஆகவே "கூழில் விஷம் இல்லை" என்று தலைப்புப் போட்டால் 'கூழ்', 'விஷம்' என்ற இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். "மூன்று பிள்ளைகளுக்கும் வந்தது பள்ளியில் பரவும் வைரஸ் வாந்தி என்று டாக்டர் உறுதி செய்திருக்கிறார்" என்று, உண்மை அதுவானால், உண்மையை முதலில் வைக்க வேண்டும். வதந்தியை நடுவில் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டு, கடைசியில் மறுபடி உண்மைக்கு வர வேண்டும்.

இனி அந்த ஏழு மணிப் போன். தென்னாப்பிரிக்கப் பத்திரிகை விதிகளின்படி, ஒருவரைக் குறை சொல்லி எழுதும் முன் நிருபர் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். அந்தப் போன் வாசலைத் திறந்து வைக்கும் அழைப்பு. எடுக்காமல் விட்டால் "தொடர்புகொள்ள இயலவில்லை" என்ற வரி அச்சாகும், படிக்கிறவர் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்வார். எத்தனை மணிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முன்பே எழுத்தில் அனுப்ப வேண்டும். லோட்டஸ் எஃப்.எம். போன்ற வானொலிக்கு இருபது வினாடிக்குள் அடங்கும் இரண்டு வாக்கியம் தயாராக இருக்கட்டும். "இதை எழுதாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினால் போதாது. நிருபர் சம்மதித்த பிறகே அது செல்லும். செய்தி தவறாக வந்துவிட்டால் பத்திரிகைக் கவுன்சிலுக்கு 20 வேலை நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீல் நோட்டீஸை முதல் ஆயுதமாக எடுத்தால் வாட்ஸப் குழுவில் இருந்த விஷயம் முதல் பக்கத்துக்குப் போகும்.

பணம் கொடுத்தால் பெயரைக் காப்பாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் போகும் முன் பெல் பொட்டிஞ்சர் கதையை நினைத்துக்கொள்வது நல்லது. லண்டனின் அந்தப் பெரிய மக்கள் தொடர்பு நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளான குப்தா என்ற தொழிலதிபர் குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக மாதம் ஒரு லட்சம் பவுண்டு வாங்கிக்கொண்டு, 'வெள்ளையரின் ஏகபோக மூலதனம்' என்ற கோஷத்தை ஊதி, ஏற்கெனவே ஆறாத இனக் காயத்தைக் கிளறிவிட்டது. கவனத்தை வேறு பக்கம் திருப்புவதே வேலை. விஷயம் வெளியானதும் 2017 ஜூலையில் மன்னிப்புக் கேட்டார்கள். செப்டம்பர் 4 அன்று பிரிட்டனின் மக்கள் தொடர்புச் சங்கம் வெளியேற்றியது; வாடிக்கையாளர்கள் ஓடினார்கள்; அதே மாதத்தில் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. பெயர் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தங்கள் பெயரைக் காக்க இரண்டு வாரம்கூடக் கிடைக்கவில்லை.

கடைசியாக, ஆய்வு முடிவு வரும் நாள். திமத்தி கூம்ப்ஸ் என்ற ஆய்வாளர் நெருக்கடிகளை மூன்றாகப் பிரிப்பார்: நாமே பலியானது, தற்செயலாக நடந்தது, தடுத்திருக்கக் கூடியது. வெளியாள் கிளப்பிய பொய் என்றால் மறுப்பும் விளக்கமும் போதும். குழாய்த் தண்ணீரில் கோளாறு என்றால் விளக்கத்தோடு வருத்தமும் வேண்டும். கூழை முந்தின இரவே காய்ச்சி 60 டிகிரிக்குக் கீழே விடிய விடிய வைத்திருந்தது தெரிந்தால் அது மூன்றாவது வகை. முழு மன்னிப்பும் மருத்துவச் செலவும் தவிர எதுவும் எடுபடாது. அந்த முடிவை நிருபர் கண்டுபிடிக்கும் முன் கமிட்டியே சொல்லிவிட வேண்டும். வழக்கு விசாரணை மாதிரிச் சோதனைகளில், தன் கட்சிக்காரரின் குறையைத் தானே முதலில் சொன்ன வக்கீலின் தரப்பை ஜூரிகள் குறைவாகவே தண்டித்தார்கள் என்று 1993 முதல் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதே குழுவில், அதே செயலாளர் பெயரில், அறிக்கையின் படத்தோடு, அடுத்த ஆடியில் கூழை எத்தனை மணிக்குக் காய்ச்சுவோம், எந்தச் சூட்டில் வைப்போம், தெர்மாமீட்டரோடு அண்டா பக்கத்தில் யார் நிற்பார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதற்கு முன்பே, காலையில், அந்த மூன்று வீட்டுக்கும் கமிட்டியிலிருந்து ஒருவர் நேரில் போயிருக்க வேண்டும்.