ஸ்ப்ரெட்: பரவல் அல்ல, ஈடு

“மிச்சிகனுக்கு எதிராக ஒஹாயோ ஸ்டேட்டின் புள்ளி பரவல் 20.” அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், நம் கால்பந்து வேறு) பற்றிய ஒரு தமிழாக்கத்தில் இந்த வரியைப் படித்தபோது மேற்கொண்டு நகர முடியவில்லை. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் இரண்டும் பல்கலைக்கழக அணிகள் என்பது புரிந்தது. நமக்கு நோய் பரவும், வதந்தி பரவும், தீ பரவும். புள்ளி எங்கே போய்ப் பரவுகிறது? மூலத்தில் இருந்த சொல் ‘பாயின்ட் ஸ்ப்ரெட்’. அகராதியில் ஸ்ப்ரெட்டுக்கு முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு சொல் பிசகியதில் அடுத்து வந்த நான்கு பத்திகளும் பாழ். சீசன் தொடங்கும் முன் பந்தயக்காரர்களுக்காக எழுதப்படும் முன்னோட்டம் எதுவானாலும் இந்தச் சொல்லையும் இதன் சொந்தபந்தங்களையும் சுற்றித்தான் ஓடும். அதனால் இதைச் சரியாகப் பிடித்தாக வேண்டும்.

முதலில் பொருள். ஓர் அணி பலமானது, எதிரணி இளைத்தது. யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் கேட்டால் எல்லோரும் பலமான அணிமேலேயே பணம் கட்டுவார்கள். எதிர்ப்பக்கம் கட்ட ஆள் கிடைக்காது. ஆகவே ஆட்டத்துக்கு முன்பே இளைத்த அணிக்குச் சில புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். களத்தில் அல்ல, பந்தயக் கணக்கில் மட்டும். அப்படிக் கொடுக்கும் புள்ளிகள்தான் ஸ்ப்ரெட். 20 என்று வைத்தால், பலமான அணி குறைந்தது 21 புள்ளி வித்தியாசத்தில் வென்றால்தான் அதன்மேல் கட்டியவருக்குப் பணம். வித்தியாசம் 20-க்குக் குறைந்தாலும் சரி, அந்த அணி தோற்றாலும் சரி, பணம் எதிர்ப்பக்கம் கட்டியவருக்கு. மிகச் சரியாக 20 வந்தால் கட்டிய பணம் அவரவருக்குத் திரும்பும்.

தெருவில் அண்ணனும் தம்பியும் ஓட்டப் பந்தயம் விடும்போது, “நீ பத்தடி முன்னால போய் நில்லுடா, அப்பவும் பிடிச்சிடுவேன்” என்று அண்ணன் சொல்வானே, அந்தப் பத்தடிதான் இது. ‘ஒப்புக்குச் சப்பாணி’ வேறு. சப்பாணியைச் சும்மா சேர்த்துக்கொள்கிறோம், அவன் வென்றாலும் தோற்றாலும் கணக்கில்லை. பத்தடி முன்னால் நிற்கும் தம்பியின் ஓட்டமோ கணக்கில் வரும். அவன் வெல்லவும் கூடும் என்பதால்தான் அந்தப் பந்தயத்தில் சுவாரசியமே.

இந்த முறை எப்போது வந்தது? அதற்கு முன்பு அமெரிக்காவில், ஒன்று கட்டினால் இவ்வளவு கிடைக்கும் என்ற விகிதக் கணக்குதான் நடந்தது. பலமான அணிமேல் ஐந்து டாலர் கட்டினால் ஒரு டாலர் லாபம், இளைத்த அணிமேல் ஒரு டாலர் கட்டினால் நான்கு டாலர் லாபம் என்கிற மாதிரி. ஒருதலையான ஆட்டங்களுக்கு இந்த வழியில் ஆள் சேரவில்லை. 1940-களில் சிகாகோவில் பந்தயத் தொழிலுக்கு வந்த சார்லஸ் கே. மெக்னீல் என்பவரைத்தான் புள்ளி முறையின் தந்தை என்று சொல்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர், பள்ளியில் கணக்கு வாத்தியார், பிறகு பங்குப் பத்திர ஆய்வாளர். வெற்றி தோல்வியை விட்டுவிட்டு வித்தியாசத்தின்மேல் பந்தயம் கட்ட வைத்ததுதான் புதுமை. மூன்றாம் கால் பகுதியிலேயே வெற்றி முடிவாகிவிட்ட ஆட்டத்தையும் கடைசி விநாடி வரை கண்கொட்டாமல் பார்க்க வைத்தது அது.

ஆங்கிலத்தில் ஸ்ப்ரெட் என்பதற்கு விரிப்பு, பரப்பு என்பதோடு இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட அகலம் என்றும் பொருள் உண்டு. பறவையின் இரு சிறகு நுனிகளுக்கு நடுவே உள்ள தூரம் அப்படித்தான் சொல்லப்படுகிறது. பங்குச் சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் ஸ்ப்ரெட்தான். பந்தயத்தில் ஒரு காலத்தில் ஒற்றை எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களையே அறிவித்தார்கள். ‘6–8’ என்று போட்டால், பலமான அணிமேல் கட்டியவருக்கு வித்தியாசம் 8-ஐத் தாண்ட வேண்டும், இளைத்த அணிமேல் கட்டியவருக்கு 6-க்குள் நிற்க வேண்டும். 7 வந்தால் இருவர் பணமும் பந்தயம் நடத்துபவர் மடியில். அந்த இடைவெளிதான் அவர் வருமானம். பின்னாளில் இரண்டு எண் ஒன்றானது. வருமானம் வேறு வழியில் வந்தது: 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். கூடுதலான இந்தப் பத்துக்கு ‘விக்’ என்று பெயர். ஜெயித்த பணத்தைக் குறிக்கும் ரஷ்யச் சொல் இத்திஷ் மொழி வழியாக அமெரிக்கத் தெருவுக்கு வந்து குறுகிய வடிவம் அது. தமிழில் ‘தரகு’ என்றாலே போதும். இந்தத் தரகு இருப்பதால், நூற்றுக்கு ஐம்பது பந்தயம் சரியாகச் சொல்பவருக்கும் கையைக் கடிக்கும். 52-க்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 52.4 சதவீதம் ஜெயித்தால்தான் முதலுக்கு மோசமில்லை.

இனி தமிழ்ச் சொல். ‘பரவல்’ சரியில்லை என்று பார்த்தோம். ‘வித்தியாசம்’ பக்கத்தில் வரும், ஆனால் அது ஆட்டம் முடிந்த பிறகு தெரிவது. 20 புள்ளி வித்தியாசத்தில் வென்றது என்போம். ஸ்ப்ரெட் முன்கூட்டியே வைக்கப்படுவது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ‘வித்தியாசத்தைவிட வித்தியாசம் கூடியது’ என்று எழுதும்படி ஆகும். ‘கணிப்பு’ என்று போடுபவர்களும் உண்டு. அதுதான் எனக்கு மிகவும் ஆபத்தாகப் படுகிறது. படிப்பவர், ‘ஒஹாயோ 20 புள்ளியில் ஜெயிக்கும் என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்வார். அந்த எண்ணுக்குள் கணிப்பு இருப்பது உண்மை. அதன் வேலை கணிப்பது அல்ல, இரண்டு பக்கத்தையும் தராசில் நேராக நிறுத்துவது.

அந்த வேலைக்குத் தமிழில் இருக்கும் சொல் ‘ஈடு’. இடு என்ற வினை முதல் நீண்டு பெயரானது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல. இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். இடுவது ஈடு. சமையலறையில் ஒரு தடவை தட்டில் ஊற்றி வேகவைப்பது ஓர் ஈடு இட்லி. நகையை வைத்துப் பணம் வாங்கினால் ஈடு வைத்தல். இழந்ததற்குப் பதிலாகத் தருவது நஷ்டஈடு. பலசாலியோடு சமமாக நின்றால் ஈடுகொடுத்தல். நிகர் இல்லாததை ஈடு இணையற்றது என்கிறோம். குறையும் இடத்தில் ஒன்றை இட்டு எதிர்ப்பக்கத்துக்குச் சமமாக்குவது என்ற கருத்துத்தான் இவற்றில் பலவற்றுக்கு அடியில் ஓடுகிறது. ஸ்ப்ரெட்டும் அதையேதான் செய்கிறது. ஆகவே ‘பாயின்ட் ஸ்ப்ரெட்’டுக்கு ‘ஈட்டுப் புள்ளி’ என்பது என் பரிந்துரை, சுருக்கமாக ‘ஈடு’. ‘மிச்சிகனுக்கு 20 புள்ளி ஈடு’ என்று எழுதினால் யாருக்கு யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது அகராதி இல்லாமலே விளங்கும்.

குதிரைப் பந்தயம் தெரிந்தவர்கள், இது ‘ஹேண்டிகேப்’தானே என்று கேட்கலாம். கருத்து ஒன்றுதான். அங்கே வேகமான குதிரைமேல் கூடுதல் எடை ஏற்றுவார்கள், இங்கே இளைத்த அணிக்குப் புள்ளி ஏற்றுகிறார்கள். தொப்பிக்குள் கையை விட்டு ஆடிய ஒரு பழைய பண்டமாற்று விளையாட்டிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் அது. அதற்கும் ஈடு பொருந்தும்.

கூடவே வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். ‘பேவரிட்’ என்பதை விருப்ப அணி என்று எழுதுகிறார்கள். யாருடைய விருப்பம்? ‘கையோங்கிய அணி’ என்பதுதான் பொருள். ‘அண்டர்டாக்’ இளைத்த அணி. ‘கவர்’ என்பதற்கு ‘ஈடுகட்டுதல்’ என்பதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது: கொடுத்த புள்ளியையும் சேர்த்து மீட்டு, அதற்கு மேலும் எடுத்தால் கையோங்கிய அணி ஈடுகட்டியது. ‘ஹூக்’ என்பது எண்ணோடு ஒட்டிவரும் அரைப் புள்ளி. களத்தில் அரைப் புள்ளி கிடையாது, பணம் திரும்பிப் போகாமல் இருப்பதற்காகவே அதை வைக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் உதைத்துப் பெறும் ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி, பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சேர்க்கும் டச்டவுனுக்கு 6, அதையடுத்த உதைக்கு 1. அதனால் 3, 7 ஆகிய வித்தியாசங்களில் முடியும் ஆட்டங்கள் மிகுதி. ஈடு 3 என்பதற்கும் மூன்றரை என்பதற்கும் நடுவே உள்ள அரைப் புள்ளி ஒரு பந்தயக்காரருக்குப் பெரிய விஷயம்.

ஓர் ஆட்டத்துக்கு ஈடு போல, முழுச் சீசனுக்கு ‘வின் டோட்டல்’. முன்னோட்டங்களில் முதல் வரியிலேயே வருவது இதுதான். ‘மொத்த வெற்றி’ என்று பெயர்த்தால் அந்த அணி இதுவரை வென்றவை என்றாகிவிடும். உண்மையில் இது நடத்துபவர் நட்டுவைக்கும் வரம்பு. அணியின் வெற்றிகள் அதற்கு மேலே போகுமா, கீழே நிற்குமா என்பதுதான் பந்தயம். ‘வெற்றி வரம்பு’ என்று சொல்லலாம். ‘ஓவர்’, ‘அண்டர்’ இரண்டும் ‘வரம்புக்கு மேல்’, ‘வரம்புக்குக் கீழ்’.

2024-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் பெரும்பாலும் வைக்கப்பட்ட வெற்றி வரம்பு பத்தரை. வழக்கமான சீசனுக்கு 12 ஆட்டம். சீசனுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களின் வெற்றிகள் இந்தக் கணக்கில் சேராது, முன்னோட்டம் படிப்பவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது. பயிற்சியாளர் ரயன் டேயின் அணி அந்த ஆண்டு மிகவும் வலுவாகத் தெரிந்தது. கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வில் ஹோவர்ட், அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸ் வந்திருந்தார்கள். தொழில்முறை ஆட்டத்துக்குப் போகக்கூடிய ஜாக் சாயர், எமேகா எக்புகா போன்றவர்கள் இன்னோர் ஆண்டு இருக்கிறோம் என்று தங்கிவிட்டார்கள். ஒரிகனிடம் 32–31 என ஒரு தோல்வி. நெப்ராஸ்காவிடம் 25 புள்ளியை ஒட்டி ஈடு கொடுத்துவிட்டு 21–17 என்று தப்பிப் பிழைத்தது: ஆட்டத்தில் வெற்றி, ஈடுகட்டவில்லை. பத்து வெற்றி, ஒரு தோல்வியோடு நவம்பர் 30 அன்று கொலம்பஸில் மிச்சிகனைச் சந்தித்தது. ஜெயித்தால் வெற்றி 11, வரம்புக்கு மேல். மிச்சிகனுக்குக் கிடைத்த ஈடு ஏறக்குறைய 20 புள்ளி. ஆட்டம் முடிய 45 விநாடி இருக்கையில் மிச்சிகன் 21 கெஜத்திலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் உள்ளே போனது. 13–10. ‘வரம்புக்கு மேல்’ என்று கோடையில் கட்டிய அத்தனை பேர் பணமும் அத்தோடு போயிற்று.

அதே அணிதான் அடுத்துப் பிளேஆஃபில் டென்னசி, ஒரிகன், டெக்சஸ் மூன்றையும் வீழ்த்தி, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேமோடு இறுதி ஆட்டத்துக்கு நின்றது. நோட்டர் டேமுக்கு ஈடு எட்டு, சில இடங்களில் எட்டரை. ஒரு கட்டத்தில் 31–7. கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது நோட்டர் டேம் ஏறி வந்து 31–23 ஆக்கியது. வித்தியாசம் எட்டு. எட்டு புள்ளி ஈட்டில் கட்டியவருக்குப் பணம் திரும்பும், எட்டரையில் ஒஹாயோமேல் கட்டியவருக்குப் போச்சு. பந்தைத் தக்கவைக்க மூன்றாம் முயற்சியில் 11 கெஜம் வேண்டியிருந்தபோது ஹோவர்ட் எறிந்த பந்தை ஜெரமையா ஸ்மித் பிடித்து 56 கெஜம் கொண்டுபோனார். அரை நிமிடம்கூட மீதியில்லாத நேரத்தில் ஜேடன் ஃபீல்டிங் என்பவர் ஒரு ஃபீல்டு கோல் உதைத்தார். 34–23. கோப்பையை ஒஹாயோ ஸ்டேட் வென்றது. ஈடும் கட்டியது.