பூச்சாடிக்குள் எந்தப் பாம்பு?

கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணிட்டுச் செடி நட்டு, அதற்குள் ஒரு சிறு பாம்பை வாழவைக்க நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது அதன் எச்சத்தைத்தான். நிறமும் அழகும் பிறகு.

பாம்பு தன் உடலின் நைதரசன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக, வெள்ளைக் களியாகவே வெளியேற்றுகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து அமோனியாவாகவும், பிறகு நைட்ரைட்டாகவும், கடைசியில் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடியின் வேர் எடுத்துக்கொள்கிறது. நம் வளவுகளில் அன்றாடம் நடக்கும் வேலைதான் இது. ஆனால் வளவுக்கு ஆழம் உண்டு, கழுவிவிட மாரி மழை உண்டு. பெட்டிக்குள் இருப்பதோ ஒரு சாண் மண். எலி விழுங்கும் பாம்பின் எச்சத்தை அது தாங்காது. அமோனியா தேங்கி வேர் கருகும். மண்புழுவோ பூச்சியோ தின்னும் மெல்லிய பாம்பு என்றால், சருகுக்குள் வாழும் சிற்றுயிர்களும் பூஞ்சைகளுமே அதன் எச்சத்தைச் சிதைத்துத் தீர்த்துவிடும்.

மூடிய கண்ணாடிக்குள் செடி பிழைக்கும் என்பதை 1829இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட் தற்செயலாகக் கண்டார். அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்காக அவர் வைத்திருந்த போத்தலின் ஈரமண்ணில் பன்னம் முளைத்திருந்தது. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. செடிக்கு இவ்வளவு போதும். பாம்புக்கு இதே ஏற்பாடு நோய் தரும்: அசையாத ஈரக்காற்றில் தோல் கொப்பளிக்கும், நுரையீரலில் கிருமி பற்றும். ஆகவே அடியில் நீர் வடியச் சரளைக்கல், நடுவில் ஈரமண், மேலே உலர்ந்த சருகு, பக்கத்தில் காற்றுப் போகும் வலை.

வளர்ப்பு நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டவர் எழுதியவை. வெப்ப விளக்கு, சூட்டுப் பாய் என்று பக்கம் பக்கமாக வரும். மட்டக்களப்பில் அவற்றுக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது சூடேறி வறண்டு கச்சானாக வீசுகிறது. அந்த மாதங்களில் இங்கே குளிர்ச்சிக்குத்தான் வழி தேட வேண்டும். வெயில் விழும் யன்னலோரத்துக் கண்ணாடிப் பெட்டி சிறிது நேரத்திலேயே உயிரைக் குடிக்கும் அளவுக்குச் சூடாகிவிடும். பாம்பால் தன் உடலுக்குள் போதிய வெப்பத்தை உண்டாக்க முடியாது. இடம் மாறித்தான் சமாளிக்கும். சிறிய உடல் விரைவில் சூடேறும், விரைவில் ஈரமும் இழக்கும். சிறு பாம்புகள் பல மண்ணுக்குள் ஒளிந்தே வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்களைப் பார்ப்போம். பச்சைப் பாம்பு பலரையும் மயக்கும். கொடி போல் மெல்லியதுதான், ஆனால் ஒரு மீற்றரைத் தாண்டி வளரும், பல்லியும் தவளையும் கேட்கும், பின்பற்களில் மிதமான நஞ்சும் வைத்திருக்கும். கொம்பேறி மூக்கன் பகலெல்லாம் ஓடித் திரிவது. பெட்டிக்குள் அதை அடைப்பது கொடுமை. வட அமெரிக்காவில் பூச்சிகளையும் சிலந்திகளையும் பெரிதும் நம்பி வாழும் பச்சைப் பாம்பு ஒன்று உண்டு. செடிப் பெட்டிக்கு ஓரளவு பொருந்தும். எனக்குப் பிடித்தது, ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் நத்தை தின்னும் பாம்பு. பெரும்பாலான நத்தை ஓடுகள் வலப்பக்கமாகச் சுருண்டிருப்பதால், அதன் கீழ்த்தாடையில் இடப்பக்கத்தைவிட வலப்பக்கத்தில் பற்கள் அதிகம்! இப்படி ஒரே இரைக்கென்று செதுக்கப்பட்ட உயிரை வேறு உணவுக்குப் பழக்குவது பெரும்பாடு. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரிய கேடயவால் பாம்புகளோ மண்புழு தின்பவை. அவற்றில் பல குளிர்ந்த மலைமண்ணுக்குப் பழகியவை, கச்சானைத் தாங்கா.

இவற்றில் எதையும் நினைத்தவுடன் கொண்டுவந்துவிட முடியாது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாட்டின் ஊர்வனவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்து வைத்திருக்கத் தடை விதிக்கிறது. வெளிநாட்டுப் பாம்பை இறக்குமதி செய்யவும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

செடிப் பெட்டியின் நிபந்தனைகளுக்கெல்லாம் பொருந்தும் பாம்பு ஒன்று கல்லடியிலோ கல்முனையிலோ அந்தூரியச் சாடியை மாற்றும்போது தானே வெளியே விழும். புழுப்பாம்பு. கறுத்து மினுங்கும், பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைவு. காதுக்குள் புகுந்துவிடும் என்று சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அதற்கு வேண்டியது எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையும் புழுவும்தான். நஞ்சில்லை. செதிலுக்கு அடியிலுள்ள கண், வெளிச்சமா இருட்டா என்பதை மட்டும் சொல்லும். இதுவரை அறியப்பட்டவை எல்லாம் பெண்களே! உயிரணுவில் வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள். ஆணில்லாமலே முட்டையிடும், குஞ்சுகள் தாயின் நகல்கள். ஒரே ஒரு பாம்பு சாடிமண்ணோடு கப்பலேறினாலும் புதிய நாட்டில் ஒரு குடியையே தொடங்கிவிடும். தெற்காசியாவிலிருந்து கிளம்பி அமெரிக்காக்கள், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா வரை பரவியது இப்படித்தான்.

பார்த்து ரசிக்க மட்டும் உதவாது. மண்ணைக் கிளறினால் ஒழிய, இருப்பதே தெரியாது.

சாடியில் கண்டால் மண்ணோடு அள்ளி நிழலில் விட்டுவிடுங்கள். புழுப்பாம்புக்குக் கழுத்து என்று தனியாகத் தெரியாது, தலையும் வாலும் ஒரே தடிப்பில் இருக்கும், வால் நுனியில் சிறு முள். சந்தேகம் வந்தால் கையால் தொட வேண்டாம். வறண்ட கரையோர மணலில் வாழும் சுருட்டை விரியனின் குட்டியும் ஒரு சாணுக்குள்தான், அது பிறக்கும்போதே நஞ்சோடு பிறக்கிறது.